அணை மட்டமும் யானைக் கூட்டமும்

காலையில் பேப்பர் வந்ததும் முதலில் நான் தேடுவது அணைகளின் நீர்மட்டம் போடுகிற அந்தச் சின்னக் கட்டத்தைத்தான்; அதிலும் முல்லைப் பெரியாற்று மட்டத்தை. கோவில்பட்டிக்காரனுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடப் பாத்தியதை கிடையாது. அது தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பாய்கிற தண்ணீர். எங்கள் நிலம் வானம் பார்த்த கரிசல்; வீட்டுக் குழாயில் வருவது சீவலப்பேரியிலிருந்து ஏற்றி அனுப்பும் தாமிரபரணி. “உனக்கு எதுக்குடே பெரியாத்து மட்டம்?” என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. ஆனால் வேன் வைத்து ஆட்களைத் தேக்கடிக்கு யானை பார்க்கக் கூட்டிப் போகிறவனுக்கு அந்த எண்தான் பஞ்சாங்கம்.

தேக்கடியில் படகு போகிற ஏரி தானாக உண்டான ஏரி இல்லை. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றைப் பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் மறித்தபோது, காட்டுப் பள்ளத்தாக்குகளில் தண்ணீர் ஏறி நின்ற இடம். அன்றைக்கு மூழ்கிய மரங்களின் மொட்டை அடிமரங்கள் இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின்மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயில் காயும். மட்டம் 135, 140 அடி என்று ஏறி நிற்கும்போது தண்ணீர் கரையோர மரங்களைத் தொட்டுவிடும். படகில் போகிறவனுக்கு இரண்டு பக்கமும் பச்சையாக மரம்தான் தெரியும். யானை அதற்குள்ளே நின்றாலும் நமக்குத் தெரியாது. மட்டம் இறங்க இறங்கக் கரை வெளியே வரும். ஈரம் காயாத அந்தச் சரிவில் இளம்புல் முளைக்கும். உள்காட்டில் புல் காய்ந்து, ஓடைகள் வற்றிக் கிடக்கிற மாதங்களில், இந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் யானைக் கூட்டம் வெட்டவெளிக்கு வந்தாக வேண்டும்.

120 அடிக்குக் கீழே மட்டம் வந்துவிட்டால் நான் தைரியமாக முன்பணம் வாங்குவேன். 130-க்கு மேலே என்றால், “படகுச் சவாரி நல்லா இருக்கும் அண்ணாச்சி, யானை உங்க அதிர்ஷ்டம்” என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன். 104 அடிக்குக் கீழே போனால் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் எடுக்க வழியில்லை. மட்டம் அந்த எண்ணை நெருங்க நெருங்கக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி வானத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருப்பான். அதே நாட்களில்தான் தேக்கடியில் யானை அதிகமாகத் தெரியும். இந்தத் தொழிலில் எனக்கு உறுத்துகிற இடம் அது. நானும் வானம் பார்க்கிற ஊர்க்காரன்தானே.

136 அடியா, 142 அடியா என்று தமிழ்நாடும் கேரளமும் வழக்காடியதும், 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னதும் ஊரறிந்த சங்கதி. எல்லையில் இருக்கிற குமுளியில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வண்டி நம்பர் தமிழ்நாடு. பிழைப்பு இரண்டு பக்கமும்.

கரிசல் வெள்ளாமைக்கும் இந்த யானை சீசனுக்கும் நல்ல பொருத்தம். புரட்டாசியில் விதைப்பு. உளுந்தும் பாசியும் தையில் வீடு சேரும். மக்காச்சோளம் மாசிக்குள் களத்துக்கு வந்துவிடும். பருத்தியும் மிளகாயும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு, புஞ்சையில் சம்சாரிக்குப் பெரிதாக வேலை இல்லை. விளைந்த வருஷமாக இருந்தால் கையில் நாலு காசும் இருக்கும். அடுத்து வருகிற சித்திரையில்தான் பெரியாறும் இறங்கிக் கிடக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மட்டம் ஏறத் தொடங்கும். என் சீசன் முடிந்தது.

தீப்பெட்டி ஆபீஸ் ஆட்களின் கணக்கு வேறு. அவர்கள் கையில் காசு புழங்குவது தீபாவளி போனஸ் சமயம். வாராவாரம் டூர் சீட்டுக் கட்டி, ஐப்பசியில் கிளம்ப வேண்டும் என்பார்கள். ஐப்பசியில் அங்கே மழை, ஏரி நிறைந்து நிற்கும், காட்டு நடைக்குப் போனால் காலெல்லாம் அட்டை. அதைத் தாண்டிக் கார்த்திகைக்குப் போனால் தை மகரஜோதி வரை ஐயப்பன் சாமிமார் கூட்டம். கம்பத்திலிருந்து மேலே ஏறுவதற்குக் கம்பம்மெட்டு வழி, இறங்குவதற்குக் குமுளி வழி என்று போலீசார் திருப்பி விடுவார்கள். ஒரு நாளில் போய்த் திரும்புகிற கணக்கே அங்கே சிதறிவிடும். சீட்டுப் பணத்தைச் சித்திரை வரை வைத்திருங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். ஆனால் வெயில் காலம்தான் தீப்பெட்டிக்கு வேலைக் காலம். குச்சி காய வேண்டும், பெட்டி காய வேண்டும். அதனால் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். திங்கள் காலை வேலையில் நிற்க வேண்டும்.

யானைக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கோவில்பட்டியிலிருந்து மேற்கே தெளிந்த நாளில் தெரிகிற மலைவரிசை முழுக்க யானை இருக்கிறது. தெற்கே களக்காடு–முண்டந்துறை, 1988 முதல் புலிகள் காப்பகம். வடமேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை, 2021-இல் புலிகள் காப்பகமானது. அகத்தியமலையை யானைகள் காப்பகமாக அறிவித்தது 2022-இல். ஆனால் அங்கெல்லாம் யானை இருப்பது வேறு, நீங்கள் உட்கார்ந்து பார்ப்பது வேறு. எங்கள் ஊர்க்காரர்கள் அந்த மலைகளுக்குப் போவது சாமி கும்பிடத்தான்: ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார், அமாவாசை பௌர்ணமிக்குச் சதுரகிரி. மலையேறுகிற வழியில் யானை எதிர்ப்பட்டால் யாரும் போட்டோ எடுப்பதில்லை. சுந்தர மகாலிங்கத்தைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடத்தான் செய்வார்கள். முதுமலை தெப்பக்காட்டு ஆவணப்படத்துக்கு 2023-இல் ஆஸ்கர் கிடைத்தபோது ‘அங்கே கூட்டிட்டுப் போங்க’ என்று நிறையப் பேர் வந்தார்கள். ஒரு நாளில் ஆகிற காரியமா அது? யானையைத் தூரத்தில் நிறுத்தி, நாம் பத்திரமாக உட்கார்ந்து, ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரி எங்கள் ஊருக்கு எட்டுகிற இடம் தேக்கடி ஒன்றுதான்.

சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் வரை நான்குவழிச் சாலை. அங்கே பிரிந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர். சுமார் 200 கிலோமீட்டர். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் தாண்டியதும் மலைப்பாதை. மின்நிலையத்துக்கு இறங்குகிற ராட்சதக் குழாய்களைப் பார்த்ததும் வண்டியில் தூங்குகிறவர்கள் எல்லாம் எழுந்துவிடுவார்கள். கேரள வரி கட்ட முன்பெல்லாம் குமுளி செக்போஸ்டில் கையில் காகிதக் கட்டோடு நிற்க வேண்டும். இப்போது அது செல்போனில் முடிந்துவிடுகிறது.

படகு நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு நாளில் ஐந்து படகு: காலை 7.30, 9.30, 11.15, பிற்பகல் 1.45, 3.30. ஊரில் எல்லோரும் முதல் படகுதான் வேண்டும் என்பார்கள். விடிகாலையில்தான் மிருகம் வரும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். காட்டெருமைக்கும் மிளாவுக்கும் அது சரி. சித்திரை வெயிலில் யானைக்கு நான் எடுப்பது 3.30 படகு. பகலெல்லாம் மர நிழலில் நின்றுவிட்டு வெயில் சாய்கிறபோதுதான் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும். நடுவில் இருக்கிற 11.15-ஐயும் 1.45-ஐயும் சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டேன். மாலைப் படகில் இன்னொரு வசதி, ஊரிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் போதும், ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஓட்ட வேண்டியதில்லை. தொல்லை என்னவென்றால், திரும்பி ஊர் சேர நடுராத்திரியை நெருங்கிவிடும்.

நான் வேனுக்குள்ளேயே ஒரு பயிற்சி வைப்பேன். கூடலூர் தாண்டியதும் கிளீனர் பையன் எழுந்து நின்று திடீரென்று “ஆனை! இடது பக்கம் ஆனை!” என்று கத்துவான். வலது பக்கம் இருக்கிறவர்கள் எழுந்து இடது பக்கம் பாய்வார்கள். “எழுந்தவங்க எல்லாம் தண்ணிக்குள்ள” என்பேன். ஒரே சிரிப்பு. அப்புறம்தான் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதியைப் பற்றிச் சொல்லுவேன். அன்று மாலை இதே ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததைத்தான் அன்று எல்லோரும் பேசினார்கள். சொல்லி முடித்ததும் வண்டிக்குள் சிரிப்பு அடங்கிவிடும். இரண்டாவது தடவை கிளீனர் கத்தும்போது ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் உட்கார முடியாது, எழுந்து நின்றால் வனக்காவலர் அதட்டுவார். இருந்தாலும் அவர் அதட்டுவதற்கு முன்னாலேயே என் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கடலைமிட்டாய் இன்னொரு பிரச்சினை. கோவில்பட்டியிலிருந்து கிளம்புகிற வண்டியில் கடலைமிட்டாய் இல்லாமல் இருக்குமா? 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து அதை நீட்டுவதில் ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. தேக்கடிக் குரங்குகளுக்குப் புவிசார் குறியீடு தேவையில்லை. வெல்லப்பாகு வாசனை போதும். பொட்டலத்தோடு பையையும் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். அதனால் ஆனவச்சால் மைதானத்தில் வேனை நிறுத்தியதும், தின்பண்டம் எல்லாவற்றையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வனத்துறை பஸ்ஸில் ஏற்றுவேன். அந்த மைதானமும் வழக்கில் இருப்பதுதான். தமிழ்நாட்டுக்குக் குத்தகைக்கு விட்ட நிலத்தில் வருகிறதா இல்லையா என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நான் வண்டியை நிறுத்துகிற இடம்கூட இரண்டு மாநிலத்துக்கும் தகராறு.

படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்கு ஆட்கள் யானையைத் தேட மாட்டார்கள். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரிசல்காட்டில் பிறந்தவர்களை அங்கே கூட்டிப் போகிற யாருக்கும் இது தெரியும். விளாத்திகுளம் பக்கத்து ஆச்சி ஒருத்தி என்னிடம் கேட்டாள்:

“ஏய்யா, இம்புட்டுத் தண்ணியும் எங்க போவுது?”

“மதுரைக்கு, ராமநாதபுரத்துக்கு ஆச்சி.”

“நம்ம பக்கம்?”

“வராது ஆச்சி.”

அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு யானை தெரிந்தபோதுகூட, அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்றுதான் பக்கத்தில் இருந்த வனக்காவலரிடம் விசாரித்தாள். நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் என்று அவர் சொன்னதும், நாலு நாள் விட்டு வருகிற தெருக்குழாயில் தான் பிடிக்கிற குடங்களை விரலில் எண்ண ஆரம்பித்தாள்.

காட்டுப்பன்றி விஷயத்திலும் எங்கள் ஆட்கள் மற்ற டூரிஸ்ட்டுகள் மாதிரி இல்லை. கரையில் பன்றிக் கூட்டம் மேய்ந்தால் பெங்களூர்க்காரர்கள் கேமராவைத் தூக்குவார்கள். எங்கள் சம்சாரிகளுக்கு ஆத்திரம் வரும். மக்காச்சோளத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பன்றி புகுந்து உருட்டிப் போட்ட வயலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். “இந்தக் கழுதையப் பாக்கவா துட்டுக் குடுத்து வந்தோம்?” என்று ஒருவர் எழுந்தேவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

யானையை முதலில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, ஏன் இப்படிச் சிவப்பாக இருக்கிறது என்பது. கோயில் யானையைக் குளிப்பாட்டித் தேய்த்துக் கறுகறுவென்று பார்த்துப் பழகிய கண் அல்லவா? காட்டு யானை குளித்த கையோடு மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொள்ளும்; வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் அதற்குப் பாதுகாப்பு. அந்தக் கரை மண்ணின் நிறம் அப்படியே உடம்பில் ஏறியிருக்கும். கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. அது தண்ணீருக்கு இறங்கினால் மற்றவை இறங்கும். அது தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றால் எல்லாம் நிற்கும். குட்டி எப்போதும் தாயின் கால்களுக்கு நடுவில். படகுச் சத்தத்துக்கு அவை பழகிவிட்டன. மனிதக் குரலுக்குத்தான் இன்னும் பழகவில்லை. ஒரு பையன் விசில் அடித்ததற்கு மொத்தக் கூட்டமும் திரும்பிக் காட்டுக்குள் போனதைப் பார்த்திருக்கிறேன். ஏரியில் யானை நீந்துவதையும் பார்த்திருக்கிறேன்: தும்பிக்கை நுனியும் தலை உச்சியும் மட்டும் மேலே, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள். அது என்னவென்று தெரிவதற்குள்ளேயே படகு தாண்டிவிட்டது.

கொம்பன் எங்கே, கொம்பன் எங்கே என்று எல்லோரும் தேடுவார்கள். தந்தம் வைத்த ஆண் யானை தேக்கடியில் அபூர்வம். அதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தந்தத்துக்காகச் சுட்டுச் சுட்டு, வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறு என்கிற அளவுக்குப் பெரியாற்றில் கணக்குத் தவறிப்போயிருந்தது. திருவிதாங்கூர் காலத்தில் 1934-இல் நெல்லிக்காம்பட்டி என்ற பெயரில் காப்பிடமாகி, 1950-இல் சரணாலயமாகி, 1978-இல் புலிகள் காப்பகமான இடத்திலேயே இந்தக் கதி. சுட்டவர்கள் போய்விட்டார்கள்; ஆனால் தந்தமுள்ள தகப்பன்கள் இல்லாமல் போன குறை, யானையின் ஆயுளுக்கு ஏற்ற மாதிரி மெதுவாகத்தான் சரியாகும். இதை நான் படகில் சொல்வதில்லை. திரும்பி வருகிற வழியில், ‘ஒரு கொம்பனையும் காட்டலையே’ என்று யாராவது குறைபட்டால் அப்போது சொல்வேன்.

பெரியாற்றில் எனக்குப் பிடித்தது படகு அல்ல, வழிகாட்டியோடு போகிற காலை நடை. அதற்குச் சின்னக் கூட்டம்தான் விடுவார்கள். மன்னான், பளியர் சமூகத்து ஆட்கள் கூட வருவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு காரியம் நடந்தது. காட்டுக்குள் வயனா மரப்பட்டை திருடிப் பிழைத்தவர்களைக் கூப்பிட்டு, வழக்குகளைத் தீர்த்து, அவர்களையே காவலுக்கும் வழிகாட்டவும் வைத்தார்கள். காட்டின் ஒவ்வொரு கள்ளப் பாதையும் அவர்களுக்குத்தானே தெரியும்? 2002-இலிருந்து வசந்த சேனை என்று பெண்கள் சம்பளம் வாங்காமல் காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கிறார்கள். ஒரு முறை பள்ளிக்கூட வாத்தியார்கள் சிலரோடு போனேன். வழிகாட்டி பாதையில் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் கிளறினார். உள்ளே சூடு இருந்தது. கையில் பொடிமண் எடுத்து விழவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். மூங்கில் ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. யானை ஒன்றும் தெரியவில்லை. வாத்தியார் ஒருவர் இன்னும் பத்தடி போகலாமா என்று கை காட்டினார். “வேண்டா சாரே, இவிட நின்னா மதி” என்றார் வழிகாட்டி. அங்கேயே நின்றோம். காற்று திரும்பியது, திரும்பி நடந்தோம். யானையின் வாலைக்கூடப் பார்க்காத அந்த நடைக்காக அந்த வாத்தியார்கள் இன்றைக்கும் எனக்கு நன்றி சொல்கிறார்கள். வேன் நிறைய வருகிற கூட்டத்துக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, முயற்சியும் செய்வதில்லை.

படகில் யானை தெரியாத நாள் வரத்தான் செய்யும். அன்று குமுளி பஸ் நிறுத்தம் பக்கத்தில் ஜீப்புக்கு ஆள் பிடிக்கிறவர்கள் மூக்கில் வியர்த்தாற்போல ஓடி வருவார்கள். ‘கண்டிப்பா ஆனை காட்டறோம்’ என்பார்கள். காட்டுவார்கள், ஆனால் சங்கிலி போட்ட யானையை. முதுகில் சவாரி, தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சிக் குளியல், போட்டோ. ஆளைக் கொண்டுவந்து விடுகிற வண்டிக்காரனுக்குக் கமிஷனும் உண்டு. அந்தப் பக்கம் நான் வண்டியைத் திருப்புவதில்லை. காலில் சங்கிலித் தழும்போடு நாளெல்லாம் ஆள் சுமக்கிற யானையைப் பார்க்க 200 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை என்பது ஒன்று. பழக்கின யானை அடங்கின யானை என்ற நினைப்பு ஆபத்து என்பது இன்னொன்று. 2024 நவம்பரில் எங்கள் மாவட்டத்துத் திருச்செந்தூரில் கோயில் யானை தெய்வானை, தன்னைப் பார்த்துக்கொண்ட பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. அதைக் கேள்விப்பட்டபின் சவாரி கேட்கிறவர்கள் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள்.

ஒரு வருஷம் படகில் ஒன்றுமே தெரியவில்லை. கூட்டம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. சரி, திரும்புகிற வழியில் சுருளி அருவியில் குளிக்க வைத்தாவது சமாதானம் செய்யலாம் என்று விசாரித்தேன். அருவிக்குப் போக அனுமதி இல்லை. காரணம், யானை நடமாட்டம். வண்டிக்குள் ஒரு மதினி, “நாம அத தேடி அங்க போனோம், அது நம்மளத் தேடி இங்க வந்துருக்கு” என்றாள். அத்தோடு எல்லோருக்கும் கோபம் தீர்ந்தது.

2023 கோடையை மறக்க முடியாது. ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மே 27-ஆம் தேதி அது கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. தெருவில் ஆட்டோவை அது புரட்டுகிற காட்சியைப் பார்த்த கையோடு எனக்குப் போன் மேல் போன். டிரிப்பை ரத்து செய்யச் சொன்னவர்களைவிட, உடனே போக வேண்டும் என்றவர்கள்தான் அதிகம். கம்பத்தில் அடிபட்ட ஒருவர் இறந்துபோனார். அந்த ஊர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள்; இவர்களுக்கு அங்கே போய் செல்பி எடுக்க வேண்டும். அந்த வாரம் ஒரு டிரிப்பும் நான் எடுக்கவில்லை. ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, விருதுநகர், திருநெல்வேலி வழியாகக் கொண்டுபோய் மேல் கோதையாறு காட்டில் விட்டார்கள். நான் யானை பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே ஓட்டுகிற அதே நெடுஞ்சாலையில் ஒரு யானை தெற்கே போனது. ‘கோதையாறுக்கு வண்டி போடுங்க, அரிக்கொம்பனப் பாத்துட்டு வரலாம்’ என்று அடுத்த மாதமே வந்து நின்றார்கள். அது சுற்றுலா இடம் இல்லை, போகவும் விட மாட்டார்கள், விட்டாலும் நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு நிபந்தனைதான், அதை ரசீதிலேயே எழுதிவிடுகிறேன்: வண்டிக்கும் படகுக்கும்தான் காசு, யானைக்கு இல்லை. இதனால் சில கூட்டங்கள் ‘கண்டிப்பாகக் காட்டுவோம்’ என்கிற வேறு வண்டிக்குப் போய்விடுகின்றன. போகட்டும். அங்கே போனவர்கள் என்னிடம் திரும்பி வருவதும் உண்டு, வராமல் போவதும் உண்டு.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சித்திரையில் பேப்பரைப் பிரித்து முல்லைப் பெரியாறு மட்டத்தைப் பாருங்கள். 120-க்குக் கீழே இருந்தால் 3.30 படகுக்கு இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். நேரில் போய் எடுக்கலாம் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். ஆளுக்கொரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையும் கடலைமிட்டாயும் வண்டியிலேயே இருக்கட்டும். யானை எந்தப் பக்கம் வந்தாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.